உங்கள் கச்சேரிக்கு உங்கள் சம்பளம்தான் ஸ்பான்சரா?



வாரத்தில் ஆறு நாள் சிப்காட்டில் ஷிப்ட், மிச்சம் இருக்கிற ஒரு நாளும் ராத்திரிகளும் கையில் மைக். மூக்கண்டப்பள்ளியில் இப்படி வாழ்கிறவர்கள் சிலரை எனக்குத் தெரியும். ஃபார்ம் 16-ஐ எடுத்துக்கொண்டு வரித் தாக்கலுக்கு வருவார்கள். வேலை எல்லாம் முடிந்து எழுந்திருக்கும்போது மெதுவாக ஒரு கேள்வி வரும். "சார், சும்மா அப்பப்போ ஆர்கெஸ்ட்ராவுல பாடப் போவேன். அதையெல்லாம் காட்டணுமா?" கதவு வரைக்கும் போய்விட்டுத் திரும்பி இன்னொரு கேள்வி. "வேலையை விட்டுட்டு இதையே முழுநேரமா பண்ணலாமா சார்?"

முதல் கேள்விக்கு என் பதில், ஆமாம், காட்டணும். இரண்டாவதுக்கு இப்போது வேண்டாம். ஏன் என்று சொல்வதற்கு முன்னால் உங்களிடம் ஒரு கணக்கு போடச் சொல்வேன். பலரும் அதைப் போட்டதே இல்லை. மேடையில் கவரில் வருகிற பணத்தை வருமானம் என்று நினைக்கிறோம். அந்தக் கவரைச் சம்பாதிப்பதற்கு உங்கள் மாதச் சம்பளம் எவ்வளவு செலவு செய்தது என்று யாரும் பார்ப்பதில்லை. கம்பெனி சம்பளம்தான் பல பேருடைய கச்சேரிக்கு ஸ்பான்சர். இது தெரியாமல் வேலையை விட்டால், போவது வேலை மட்டுமில்லை, ஸ்பான்சரும்தான்.

சரி, கணக்குக்கு வருவோம். இது உதாரணக் கணக்கு, உங்கள் எண்களை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒருவருக்குப் பிடித்தம் போக கையில் வருவது மாதம் 32,000 ரூபாய். அடிப்படைச் சம்பளம் 20,000. அதில் 12% பிஎஃப் 2,400 பிடிக்கிறார்கள், கம்பெனி தன் பங்காக இன்னொரு 2,400 போடுகிறது. கிராஜுவிட்டிக்கு வருடத்துக்கு 15 நாள் சம்பளம் என்ற கணக்கில் மாதம் சுமார் 960 சேருகிறது. எல்லாம் கூட்டினால் 37,760. மாதம் 26 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்றால் 208 மணி நேரம். ஆக ஒரு மணி நேரத்துக்கு 181 ரூபாய். போனஸ், கேன்டீன் சாப்பாடு, கம்பெனி பஸ் இதையெல்லாம் நான் சேர்க்கவே இல்லை.

இப்போது கச்சேரி. கே.ஆர்.புரம் பக்கம் ஒரு விநாயகர் சதுர்த்தி மேடை, பேமென்ட் 4,000 என்று வைத்துக்கொள்வோம். ஓசூரில் இருந்து சாயங்காலம் 4 மணிக்குக் கிளம்பினால் வீடு திரும்ப ராத்திரி 1 மணி. ஒன்பது மணி நேரம். முந்தின நாள் ரிகர்சல் மூன்று மணி நேரம். புதுசாக இரண்டு கன்னடப் பாட்டு கேட்டிருக்கிறார்கள், அதை வீட்டில் பழக நான்கு மணி நேரம். மொத்தம் 16. போக்குவரத்து, சாப்பாடு, மேடை உடை, மேக்கப், கரோக்கி டிராக் எல்லாம் சேர்த்து 1,150 ரூபாய் செலவு என்றால் கையில் நிற்பது 2,850. மணிக்கு 178.

பாருங்க, ஃபேக்டரியில் கிடைப்பதைவிட மூன்று ரூபாய் குறைவு. இது எல்லாம் ஒழுங்காக நடந்தால். மறுநாள் காலை 'ஏ' ஷிப்டுக்கு எழுந்திருக்க முடியாமல் ஒரு நாள் எல்ஓபி ஆனால் சுமார் 1,320 ரூபாய் போச்சு. மணிக்கு 95 ரூபாய்க்கு வந்து நிற்கிறது. அந்த ராத்திரி ஓவர்டைம் இருந்து அதை விட்டுவிட்டுப் போயிருந்தால் இன்னும் மோசம், ஏனென்றால் தொழிலாளிக்கு ஓவர்டைம் என்பது சட்டப்படி இரட்டைச் சம்பளம்.

"சார், நான் காசுக்காகப் பாடல, சந்தோஷத்துக்காகப் பாடுறேன்" என்பீர்கள். நல்ல விஷயம். கிரிக்கெட்டுக்கும் பைக்குக்கும் செலவு பண்ணுகிற மாதிரி பாட்டுக்கும் மாதம் இவ்வளவு என்று ஒதுக்கிப் பாடுங்கள், யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் பொழுதுபோக்குக்கு ஆகிற கணக்கைப் போட்டுவிட்டு, அதையே தொழில் என்று சொல்லி வேலையை விடப் பார்க்காதீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, இது கொஞ்சம் கசக்கும். சம்பளம் வருகிற தைரியத்தில் நீங்கள் 2,500-க்கும் போகிறீர்கள், சில சமயம் சாப்பாட்டுக்கே போகிறீர்கள். மேடையை மட்டும் நம்பிப் பிழைக்கிற அண்ணன் ஒருவர் அதே புரோகிராமுக்கு 6,000 கேட்டால், "அந்தத் தம்பி 2,500-க்கே வர்றாரே" என்று சொல்லி அவரைக் கழற்றிவிடுகிறார்கள். நாளைக்கு நீங்கள் முழுநேரப் பாடகர் ஆனால் நிற்கப்போகிறது அவர் இடத்தில்தான். உங்கள் ரேட்டை உடைக்க இன்னொரு தம்பி 'பி' ஷிப்ட் முடித்துவிட்டு வருவார்.

ரேட்டை ஏற்றுவதற்கு எவ்வளவு சக்தி இருக்கிறது என்று அதே கணக்கில் பாருங்கள். பேமென்ட் 4,000-லிருந்து 6,000 ஆனால் கூடியது 50%. செலவு அதே 1,150 தான். கையில் நிற்பது 2,850-லிருந்து 4,850, அதாவது 70% ஏற்றம். 37,760 ரூபாய்ச் சம்பளத்தை ஈடுகட்ட 4,000 ரேட்டில் மாதம் 13, 14 புரோகிராம் வேண்டும். 6,000 ரேட்டில் எட்டு போதும். அதனால் 'நிறைய புரோகிராம் பிடிக்கணும்' என்று ஓடுவதைவிட, இதற்குக் கீழே போவதில்லை என்று ஒரு தொகையை முடிவு செய்து அதில் நிற்பது முக்கியம். சம்பளம் வருகிறவர்களால்தான் அப்படி நிற்க முடியும். வாடகைக்கு வழியில்லாதவரால் 'முடியாது' என்று சொல்ல முடியாது, உங்களால் முடியும். சம்பளத்தை அதற்குப் பயன்படுத்துங்கள்.

நம்ம ஊருக்கு இருக்கிற ஒரு வசதி

கச்சேரித் தொழிலில் வருமானம் மாதா மாதம் ஒரே மாதிரி வராது. தமிழ்க் கல்யாணங்கள் ஆடியிலும் மார்கழியிலும் கிடையாது. ஆடியில் அம்மன் கோயில் திருவிழாக்கள் கொஞ்சம் காப்பாற்றும். நம் ஊரில் பங்குனியில் சந்திரசூடேஸ்வரர் தேர். ஆனால் ஓசூர்க்காரருக்கு வேறு ஊர்ப் பாடகருக்கு இல்லாத ஒன்று உண்டு. ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளி போனால் காலண்டரே மாறுகிறது. அவர்களுடைய ஆஷாட மாதமும் நம்முடைய ஆடியும் ஒரே நாட்களில் வராது, ஆஷாடம் அமாவாசையோடு முடிந்து அங்கே கல்யாணங்கள் தொடங்கும்போது இங்கே ஆடி ஓடிக்கொண்டிருக்கும். அப்புறம் விநாயகர் சதுர்த்தி மேடைகள். நவம்பர் 1 ராஜ்யோத்சவம் என்று பெயர், அந்தக் கொண்டாட்டம் நவம்பர் முழுக்கத் தெருத் தெருவாக நடக்கும். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் உச்சரிப்பு சுத்தமாகப் பாடத் தெரிந்தவருக்கு வேலையில்லாத மாதங்கள் குறைகின்றன. முதலீடு என்று யோசித்தால் என் ஓட்டு புது ஸ்பீக்கருக்கு இல்லை, இருபது கன்னடப் பாட்டுக்கு.

இருந்தாலும் வருடத்தில் மூன்று மாதமாவது காய்ந்துதான் இருக்கும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது முதலில் மூடியதும் கடைசியில் திறந்ததும் மேடைதான். முழுநேரக் கலைஞர்கள் எப்படித் திண்டாடினார்கள் என்பதை எல்லாரும் பார்த்தோம். மாதச் சம்பளக்காரருக்கு ஆறு மாதச் செலவு அவசரகால நிதி போதும் என்று நம்ம வீடியோக்களில் சொல்கிறேன். மேடைப் பாடகருக்கு நான் பன்னிரண்டு மாதம் என்பேன். தொண்டை கட்டினாலே வருமானம் நிற்கிற தொழில் இது.

அட்வான்ஸ், அப்புறம் ஒரு வாட்ஸ்அப் மெசேஜ்

பாடகரிடம் 'அக்ரிமென்ட் போடுங்க' என்றால் சிரிப்பார்கள். ஸ்டாம்ப் பேப்பர் வேண்டாம். ஏற்பாட்டாளருக்கு ஒரே ஒரு மெசேஜ் அனுப்பி, அவரிடம் 'ஓகே' வாங்கிவிடுங்கள்.

"அண்ணா, 15-ம் தேதி சனிக்கிழமை, அத்திப்பள்ளி, மாலை 6 முதல் 10 வரை. என் தொகை 6,000. அட்வான்ஸ் 3,000 வந்தது. மீதி மேடை ஏறும் முன். ஒரு வாரத்துக்குள் ரத்தானால் அட்வான்ஸ் திரும்பாது. வண்டி, சாப்பாடு உங்கள் பொறுப்பு. பாட்டுக்கான லைசென்ஸ் உங்கள் பொறுப்பு."

அவ்வளவுதான். 'மேடை ஏறும் முன்' என்ற மூன்று வார்த்தை உங்களுக்கு மிச்சப்படுத்தும் அலைச்சல் கொஞ்சநஞ்சம் இல்லை. பாடி முடித்த பிறகு கமிட்டிக்காரர் ஒருவர் பட்டாசு பக்கம் இருப்பார், ஒருவர் அன்னதானத்தில் இருப்பார், பொருளாளர் போன் ஸ்விட்ச் ஆஃப்.

மாலை 6 முதல் 10 என்று நேரம் எழுதச் சொன்னதற்கும் காரணம் உண்டு. ஒலி மாசு விதிகள் 2000-ன்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது, மாநில அரசு வருடத்தில் சில நாட்களுக்கு மட்டும் நள்ளிரவு வரை தளர்த்தலாம். தலைவர் வர லேட்டாகி ஒன்பது மணிக்குக் கச்சேரி தொடங்கி, பத்து மணிக்கு போலீஸ் நிறுத்தினால், "ஒரு மணி நேரம்தானே பாடின" என்று பாதித் தொகை தருவார்கள். நீங்கள் ஆறு மணிக்கே வந்து உட்கார்ந்திருந்தீர்கள் என்பதற்கு அந்த மெசேஜ்தான் சாட்சி.

லைசென்ஸ் விஷயத்தைப் பலர் விளையாட்டாக எடுத்துக்கொள்கிறார்கள். 2017 மார்ச்சில் நடந்தது நினைவிருக்கிறதா? எஸ்.பி.பாலசுப்ரமணியம் அமெரிக்காவில் கச்சேரிச் சுற்றுப்பயணத்தில் இருந்தபோது, அனுமதி இல்லாமல் தன் பாடல்களை மேடையில் பாடக்கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனது. எஸ்.பி.பி. அதை ஃபேஸ்புக்கில் வெளிப்படையாகச் சொல்லி, அந்தப் பாட்டுகளை விட்டுவிட்டு மற்ற பாட்டுகளைப் பாடுவோம் என்றார். யார் பக்கம் நியாயம் என்று ஊரே சண்டை போட்டது, அதற்குள் நான் போகவில்லை. தொழில் நடத்துகிறவர் அதில் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று. ஒரு பாட்டை முதலில் பாடியவருக்கே அதை மேடையில் காசுக்குப் பாடும் உரிமை தானாக வந்துவிடாது. நமக்கு எங்கிருந்து வரும்?

இசையமைப்பாளர், பாடலாசிரியர் சார்பில் ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம் லைசென்ஸ் கொடுக்கிறது. ஹோட்டல் புத்தாண்டுப் பார்ட்டி, டிக்கெட் போட்ட கச்சேரி, கம்பெனி ஆண்டு விழா என்றால் ஏற்பாட்டாளர்தான் அதை வாங்குவது வழக்கம். கல்யாணத்துக்கும் அதை ஒட்டிய விசேஷங்களுக்கும் பதிப்புரிமைச் சட்டம் பிரிவு 52-லேயே விலக்கு இருக்கிறது, 2023 ஜூலையில் மத்திய அரசு அதை ஒரு பொது அறிவிப்பாகவே சொன்னது. ஆனால் அதே கல்யாணத்தில் பாடிய வீடியோவை நீங்கள் யூடியூபில் ஏற்றினால் அந்த விலக்கு துணைக்கு வராது.

குழுவின் பணம் உங்கள் அக்கவுன்ட்டில் வருகிறதா?

இதுதான் எனக்கு உண்மையில் கவலை தருகிற இடம். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

பாடகராக ஆரம்பித்தவர் இரண்டு வருடத்தில் குழுவுக்குப் பொறுப்பாளர் ஆகிவிடுவார். கீபோர்டு, ரிதம் பேட், டிரம்ஸ், இன்னும் இரண்டு பாடகர்கள், சவுண்ட் செட், டெம்போ டிராவலர், எல்லாம் சேர்த்து 60,000 ரூபாய் என்று பேசுவார். கமிட்டிக்காரர் முழுத் தொகையையும் இவருடைய யுபிஐ-க்கு அனுப்புவார். இவர் ராத்திரியே எல்லாருக்கும் பிரித்துக் கொடுத்துவிடுவார், பாதி கையில் ரொக்கமாக. இவர் பங்கு 6,000. வருடத்துக்கு இப்படி 34 புரோகிராம். இவர் மனசில் இருக்கிற கணக்கு, 'நான் இரண்டு லட்சம் சம்பாதித்தேன்'. பேங்க் ஸ்டேட்மென்ட் சொல்கிற கணக்கு 20 லட்சத்து 40 ஆயிரம்.

சேவைக்கான ஜிஎஸ்டி பதிவு எல்லை 20 லட்சம். அது லாபத்தை வைத்துப் பார்ப்பதில்லை, மொத்த வரவை வைத்துப் பார்ப்பது. "சார், அது என் காசே இல்லையே" என்றால், கமிட்டியிடம் பேசியது யார், பில் யார் பெயரில், சவுண்ட் செட்காரரை அமர்த்தியது யார் என்று கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் பதில் நீங்கள் என்றால் மொத்தமும் உங்கள் வியாபாரம்தான்.

இது சும்மா பயமுறுத்தல் இல்லை. 2025 ஜூலையில் பக்கத்து பெங்களூரில் என்ன நடந்தது? யுபிஐ வரவுகளை வைத்து, எல்லையைத் தாண்டியும் பதிவு செய்யாத சின்னக் கடைக்காரர்களுக்குக் கர்நாடக வணிகவரித் துறை நோட்டீஸ் அனுப்பியது. கடைகளில் 'யுபிஐ இல்லை, ரொக்கம் மட்டும்' என்று அட்டை தொங்கவிட்டார்கள். பெரிய எதிர்ப்பு வந்து, பழைய பாக்கியை வசூலிக்க மாட்டோம் என்று அரசு இறங்கி வந்தது. ஆனால் யுபிஐ வரவை எடுத்துப் பார்க்க முடியும் என்பது அன்றைக்கு எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

ரொக்கத்துக்கு மாறிவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஒரே நிகழ்ச்சிக்கு ஒருவரிடம் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வருமான வரிச் சட்டத்தில் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம். அதேபோல ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதைச் செலவாகக் கழிக்க முடியாது. என் யோசனை எளிது. சவுண்ட் செட்டுக்கும் வண்டிக்கும் கமிட்டி நேரடியாகக் கொடுக்கட்டும். பேச்சும் பில்லும் அவர்களோடு தனியாக இருக்கட்டும். முடியாது, நான்தான் எல்லாம் எடுத்து நடத்துகிறேன் என்றால், அது வியாபாரம். எல்லையைத் தாண்டிய 30 நாளுக்குள் பதிவு செய்து, 18% ஜிஎஸ்டியைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

ஜிஎஸ்டியில் இரண்டு சின்ன விஷயம். உங்கள் கம்பெனிச் சம்பளம் இந்த 20 லட்சத்தில் சேராது. அடுத்தது, எல்லை தாண்டி கர்நாடகாவில் பாடினால் உடனே பதிவு கட்டாயம் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். கிடையாது. வேறு மாநிலத்துக்குச் சேவை தருகிறவர்களுக்கும் 20 லட்சம் வரை பதிவு வேண்டாம் என்று 2017 அக்டோபரிலேயே விலக்கு வந்துவிட்டது. கர்நாடக சங்கீதமோ நாட்டுப்புறப் பாட்டோ பாடுகிறவருக்கு ஒரு நிகழ்ச்சிக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை வரியே கிடையாது. சினிமாப் பாட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. இளையராஜா பாட்டு கிளாசிக்தானே என்று என்னிடம் வாதாடாதீர்கள், எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது, சட்டத்துக்குத் தோன்றவில்லை.

காட்டணுமா? காட்டினால் என்ன ஆகும்?

இங்கே நான் சொல்கிற எண்கள் 2025-26 நிதியாண்டு வருமானத்துக்கானவை, பிரிவு எண்கள் பழைய 1961 சட்டத்தின் எண்கள். 2026 ஏப்ரல் 1 முதல் ஈட்டும் வருமானத்துக்குப் புதிய சட்டம், அதில் எண்கள் மாறுகின்றன.

மேலே சொன்ன உதாரணத்துக்காரர் வருடத்துக்கு 40 புரோகிராம் பாடுகிறார் என்று வைப்போம். பிடித்தத்துக்கு முந்தைய சம்பளம் 4,12,800. நிலைக்கழிவு 75,000 போக 3,37,800. கச்சேரியில் செலவு போக 1,14,000. மொத்தம் 4,51,800. புதிய வரி முறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் கட்ட வேண்டிய வரி பூஜ்யம். இவ்வளவுக்குத்தான் இத்தனை பயம்! இன்னும் சொன்னால், ஏதாவது ஈவென்ட் கம்பெனி அவருக்குக் கொடுத்த ஒரு லட்சத்தில் 10% டிடிஎஸ் பிடித்திருந்தால், அந்த 10,000 ரூபாய் தாக்கல் செய்தால்தான் திரும்ப வரும். காட்டாமல் இருப்பதால் நஷ்டப்படுகிறவர் அவரே. உங்கள் ஏஐஎஸ்-ஐ ஒருமுறை திறந்து பாருங்கள். டிடிஎஸ் பிடித்திருந்தால் அந்த வருமானம் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருக்கும்.

எந்தப் படிவம் என்பதில்தான் சிக்கல். வழக்கமான தொழிலாகப் பாடுகிறவர் ஐடிஆர்-1 போட முடியாது. 'பாதியை லாபம் என்று காட்டினால் போதும், கணக்கு வேண்டாம்' என்று 44ஏடிஏ பிரிவைச் சொல்லி ஐடிஆர்-4 போடச் சொல்வார்கள். அந்தப் பிரிவு எல்லாருக்கும் பொதுவானது இல்லை. டாக்டர், வக்கீல், இன்ஜினியர், எங்களைப் போன்ற ஆடிட்டர்கள் என்று பட்டியல் போட்ட தொழில்களுக்கு. பட்டியலில் 'திரைக் கலைஞர்' இருக்கிறார், அதன் விளக்கத்தில் பாடகரும் இருக்கிறார். ஆனால் அது சினிமாப் படத் தயாரிப்பில் பாடுகிறவருக்கு. கோயில் மேடையில் பாடுகிறவர் அதற்குள் வருவார் என்று நான் கையெழுத்து போட மாட்டேன். வேறு ஆடிட்டர்கள் வேறு மாதிரி சொல்லலாம். என் கட்சி, உண்மையான வரவு செலவை எழுதி ஐடிஆர்-3. பயணம், மேடை உடை, டிராக், பாட்டு வகுப்புக் கட்டணம் எல்லாம் கழியும். வாங்கிய மைக், ஸ்பீக்கருக்கு வருடம் 15% தேய்மானம். நஷ்டம் வந்தால் மட்டும் அதைச் சம்பளத்தில் கழிக்க முடியாது.

இதற்குத் தேவையானது ஒரு தனி சேமிப்புக் கணக்கும் ஒரு நோட்டும். பாட்டுப் பணம் முழுக்க அந்தக் கணக்கில் வரட்டும், பாட்டுச் செலவு முழுக்க அதிலிருந்தே போகட்டும். அந்தக் கணக்கில் பணம் தீர்ந்தால் சம்பளக் கணக்கில் இருந்து மாற்றாதீர்கள். மாற்ற வேண்டிய அவசியம் எத்தனை முறை வருகிறது என்று பாருங்கள். ஸ்பான்சர் யார் என்று ஆறு மாதத்தில் தெரிந்துவிடும்.

எலக்ட்ரானிக் சிட்டியில் நல்ல சம்பளம் வாங்கி, வீட்டுக் கடனுக்காகப் பழைய வரி முறையில் இருக்கிறவர்கள் இதைக் கவனியுங்கள். சம்பளம் மட்டும் இருந்தால் வருடா வருடம் எந்த முறை வேண்டுமோ மாற்றிக்கொள்ளலாம். தொழில் வருமானம் சேர்ந்துவிட்டால் அந்தச் சுதந்திரம் போய்விடும். பழைய முறைக்குப் படிவம் 10-ஐஇஏ கொடுத்துப் போக வேண்டும். ஒருமுறை புதிய முறைக்குத் திரும்பிவிட்டால், அந்தத் தொழில் வருமானம் இருக்கும் வரை மறுபடி பழையதற்குப் போக முடியாது. இரண்டு முறையிலும் கணக்கு போட்டுப் பார்க்காமல் முதல் வருடம் எதையும் அழுத்தாதீர்கள்.

விடுவதாக இருந்தால்

வேலையை விடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. குரலும் உழைப்பும் இருக்கிற சிலருக்கு ஃபேக்டரியைவிட மேடை நல்ல வாழ்க்கை தரும். ஆனால் விடுவதற்கு மூன்று வருடம் முன்பே கச்சேரி வருமானத்தைத் தாக்கலில் காட்டத் தொடங்குங்கள். ஏன் மூன்று? சம்பளச் சீட்டு இல்லாதவர் வீட்டுக் கடனோ வண்டிக் கடனோ கேட்டால் பேங்க் பொதுவாகக் கேட்பது கடந்த இரண்டு மூன்று வருட ஐடிஆர். வேலையை விட்ட பிறகு காட்டத் தொடங்கினால் அந்த மூன்று வருடம் உங்களுக்குக் கடன் கொடுக்க ஆள் இருக்காது. வட்டிக்காரர்கள் மட்டும் இருப்பார்கள்.

தேதியையும் பார்த்து விடுங்கள். நிரந்தர ஊழியருக்குக் கிராஜுவிட்டிக்கு ஐந்து வருட சர்வீஸ் வேண்டும். நாலரை வருடத்தில் ஒரு நல்ல சீசன் வந்தது என்று பேப்பர் போடுகிறவர்கள் அதை விட்டுவிட்டுப் போகிறார்கள். பிஎஃப் பென்ஷனுக்குப் பத்து வருடம். கம்பெனி மெடிக்கல் இன்சூரன்ஸ் கடைசி நாளோடு போய்விடும், அதனால் சொந்த பாலிசி முன்னாடியே இருக்கட்டும். ராத்திரி ஒரு மணிக்கு நெடுஞ்சாலையில் பைக் ஓட்டி வருகிற தொழில் இது, வருடம் 20 ரூபாய்க்கு 2 லட்சம் விபத்துக் காப்பீடு தருகிற பிரதமர் சுரக்ஷா பீமா யோஜனாகூட எடுக்காமல் இருப்பதற்கு எனக்குக் காரணம் புரியவில்லை.

விடாமல் இரண்டையும் செய்வதாக இருந்தால், முதலில் உங்கள் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்துப் படியுங்கள். 'வேறு எந்த ஊதியப் பணியிலும் ஈடுபடக் கூடாது' என்று ஒரு வரி இருக்கும். 2022 செப்டம்பரில் விப்ரோ 300 பேரை வெளியேற்றியது போட்டி நிறுவனங்களுக்கு வேலை செய்ததாகச் சொல்லி, பாட்டு அதில் சேராது. ஆனாலும் உங்கள் ஆர்டரில் அந்த வரி இருந்தால், பிடிக்காத ஒருவர் அதை எடுத்துக் காட்டப் போதும். ஆயுத பூஜைக்குக் கம்பெனி மேடையில் உங்களைப் பாடச் சொல்லிக் கைதட்டிய அதே ஹெச்ஆரிடம் ஒரு ஈமெயில் போடுங்கள், ஷிப்டுக்குப் பாதிப்பு இல்லாமல் வார இறுதியில் பாடுகிறேன், அனுமதி வேண்டும் என்று. வாயால் சொன்ன சம்மதம் மேனேஜர் மாறும் வரைதான். பதில் ஈமெயிலில் வரட்டும், வந்ததும் உங்கள் சொந்த ஐடிக்கு ஒரு காப்பி அனுப்பிக்கொள்ளுங்கள்.

ஐடிஆர்-3 படிவத்தில் சம்பளமும் கச்சேரி வருமானமும் எந்தெந்த இடத்தில் வருகின்றன என்று ஸ்கிரீனில் நிரப்பிக் காட்டும் வீடியோ அடுத்த வாரம் நம்ம சேனலில் வரும். அதற்குள் அந்தத் தனிக் கணக்கைத் திறந்து, கடைசியாகப் பாடிய மூன்று புரோகிராமுக்கு மணிக்கு எவ்வளவு நின்றது என்று போட்டு வையுங்கள்.